நிற்கிற மணிக்குக் காசு உண்டா? நெல்லைப் பக்கம் விலைபேசப்படும் ஆயில்ஃபீல்டு டிரைவர் வேலை

திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் ஹெவி லைசென்ஸ் வைத்திருக்கிற யாருடைய வாட்ஸ்அப்பிலும் இந்தப் படம் ஒரு தடவையாவது வந்து விழுந்திருக்கும். பின்னால் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற ஒரு ரிக், முன்னால் வெள்ளை டிரெய்லர், நடுவில் 'ஆயில்ஃபீல்டு டிரைவர்கள் தேவை. தங்குமிடம், சாப்பாடு இலவசம். ஓவர்டைம் உண்டு.' கடைசி வரியில்தான் சங்கதியே இருக்கிறது. ஓவர்டைம் உண்டு என்று போடுவார்கள். எத்தனையாவது மணியிலிருந்து, எந்தத் தொகையின்மேல், என்ன விகிதத்தில் என்று போட மாட்டார்கள். கடையில் வாங்குகிற சாமானை எடைபோட்டுப் பார்ப்பதுபோல இந்த வேலையையும் எடைபோட்டுப் பார்க்கலாம். ஓமான், சவுதி, குவைத் வேலைகள் ஒரு தட்டில். தூத்துக்குடி டெர்மினலிலிருந்து நெல்லைக்கு ஓடுகிற பெட்ரோல் டேங்கர் வேலை மறு தட்டில்.

முதலில் பிடிபட வேண்டியது இது: எண்ணெய் வயல் லாரியில் ஸ்டீயரிங் பிடிக்கிற நேரத்தைவிட வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிற நேரம்தான் நீளம். ரிக்கை ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணற்றுக்குப் பெயர்க்கிறார்கள் என்றால் தூரம் 15 கிலோமீட்டராகக்கூட இருக்கலாம். ஆனால் கிரேன் வர வேண்டும், பெர்மிட்டில் கையெழுத்து விழ வேண்டும், காற்று அடங்க வேண்டும், முன்னால் போன வண்டி இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். காலை 5 மணிக்கு கேட்டில் பதிவு போட்டவர் ஒரே ஒரு லோடு அடித்துவிட்டு மாலை 5 மணிக்கு வண்டியை விட்டு இறங்குவது அங்கே சாதாரணம். தூத்துக்குடி துறைமுகத்தில் கன்டெய்னர் ஓட்டிப் பழகியவர்கள் 'டிரிப்புக்கு இவ்வளவு' என்ற கணக்கில் ஊறியவர்கள். அதே கணக்கில் அங்கே கையெழுத்துப் போட்டால் கை காய்ந்துவிடும். சம்பளத்தை முடிவுசெய்வது கிலோமீட்டர் இல்லை. நிற்கிற மணி யார் கணக்கில் ஏறுகிறது என்பதுதான்.

அமெரிக்காவில் இது சட்டத்திலேயே ஏறிய விவகாரம். அங்கே சாதாரண சரக்கு டிரைவர் டூட்டி ஏறியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள், அதிலும் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். எண்ணெய்க் கிணற்று வேலைக்கென்றே செய்த விசேஷ வண்டிகளை, அதற்கான பயிற்சி எடுத்தவர் ஓட்டினால், கிணற்றடியில் காத்திருக்கிற நேரம் டூட்டி நேரத்தில் சேராது என்று விலக்கு வைத்திருக்கிறார்கள். நாள் அப்படியே நீண்டுகொண்டே போகும். இந்த இடத்தில் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 'டெக்சாஸ் ஆயில்ஃபீல்டு, மாதம் 6 லட்சம், விசா கேரண்டி' என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வணிக டிரக் டிரைவர்களுக்கான வேலை விசாவையே நிறுத்திவைத்தது.

இனி உள்ளூர்த் தட்டு. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி 138-ஆம் எண் நெடுஞ்சாலையில் 50 கிலோமீட்டர் சொச்சம், ஓடினால் ஒரு மணி நேரம். ஆனால் ஒரு லோடு முடிய ஒரு பகல் போய்விடும். டெர்மினல் வரிசை முதல் தாமதம். கேட்டில் தீயணைப்பான், சைலன்சரில் தீப்பொறித் தடுப்பு, எர்த் வயர், ஆபத்து விவர அட்டை, பக்கப் பலகையில் பொருளின் எண் (பெட்ரோலுக்கு 1203, டீசலுக்கு 1202) எல்லாம் பார்ப்பார்கள். ஒன்று குறைந்தாலும் வண்டி வரிசையை விட்டு வெளியே. ஏற்றி, பூட்டுப் போட்டு, பங்க்குக்கு வந்தால் எர்த் கிளிப் மாட்டி, எண்ணெய் அலையடங்கக் காத்திருந்து, டிப் குச்சி விட்டு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று காட்டுகிற பேஸ்ட் தடவிப் பார்த்து, அடர்த்தி எடுத்து, அப்புறம்தான் குழாய் மாட்ட வேண்டும். 'தரைத் தொட்டியில் இடமில்லை, சாயங்காலம் வித்த பிறகு இறக்கு' என்று டீலர் சொல்லிவிட்டால் அதற்கு மேலும் நிற்க வேண்டியதுதான். பேட்டா மட்டும் நகராது.

இந்த வேலையில் டிரைவர் தலையில் விழுகிற பெரிய பழி 'ஷார்ட்டேஜ்'. அதில் பாதி திருட்டே இல்லை, வெப்பம். பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் விரியும், சுருங்கும். 20,000 லிட்டரை 34 டிகிரியில் ஏற்றி, ராத்திரி நிறுத்திவைத்து, விடியற்காலை 29 டிகிரியில் டிப் போட்டால் 100 லிட்டருக்கு மேல் காணாமல் போயிருக்கும். ஒரு சொட்டுகூடச் சிந்தியிருக்காது. டீசலில் அதே ஐந்து டிகிரிக்கு 80 லிட்டர் அளவு. இதற்கு ஒரே மருந்துதான்: ஏற்றும்போதும் இறக்கும்போதும் வெப்பநிலையையும் அடர்த்தியையும் சலானில் எழுத வைத்து, இரண்டையும் 15 டிகிரிக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். அந்த இரண்டு எண்கள் இல்லாத சலானில் கையெழுத்துப் போட்டவருக்கு அடுத்த மாதச் சம்பளத்தில் ஓட்டை நிச்சயம். மற்றபடி ஆபத்துச் சரக்கு ஓட்ட லைசென்ஸில் தனிப் பதிவு வேண்டும். மூன்று நாள் பயிற்சி எடுத்தால்தான் அது கிடைக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அது மூன்று ஆண்டுக்குச் செல்லும். புதுப்பிக்க ஒரு நாள் மறுபயிற்சி. இந்தச் சான்றிதழை வளைகுடா இன்டர்வியூவில் எடுத்துக் காட்டுங்கள். கேட்காவிட்டாலும் காட்டுங்கள், டேங்கர் பதவிக்கு அது எடைபோடும்.

வளைகுடாவில் 'ஆயில்ஃபீல்டு டிரைவர்' என்பது ஒரே வேலை இல்லை. ரிக்கைப் பெயர்க்கிற 'ரிக் மூவ்' டிரெய்லர், தாழ்வான தளம் உள்ள லோபெட், பின்னால் வின்ச்சும் உருளையும் வைத்த மணல் வண்டி (கென்வொர்த் 953 என்றால் அந்தப் பாலைவனத்தில் தெரியாதவர் இல்லை), முகாமுக்குக் குடிநீர் அடிக்கிற டேங்கர், கழிவும் சேறும் உறிஞ்சுகிற வேக்கம் டேங்கர், உப்புநீர் டேங்கர், மற்ற வண்டிகளுக்கு டீசல் கொண்டுபோகிற பௌசர் என்று பல உண்டு. எல்லாவற்றுக்கும் விசாவில் ஒரே பெயர்தான் இருக்கும். கூலியும் ஆபத்தும் மட்டும் வேறு வேறு. இன்டர்வியூவில் "அண்ணாச்சி, எந்த வண்டி?" என்று கேட்டு, அதை ஆஃபர் தாளில் எழுத வைக்காமல் எழுந்திருக்கக் கூடாது. "கம்பெனி பெரிய கம்பெனி, பயப்படாதிய, போய்ச் சேந்ததும் வண்டி மாத்தித் தருவாவ" என்று சொன்னால், கிடைக்கப்போவது வேக்கம் டேங்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளக் கணக்கைச் சவுதி சட்டத்தை வைத்தே போட்டுப் பார்ப்போம். பேசிக் 1,500 ரியால், சாப்பாட்டுப் படி 300, மொத்தம் 1,800 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 240 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 7.50 ரியால். ஓவர்டைமுக்குச் சட்டம் சொல்வது, முழுச் சம்பளத்தின் மணிக்கூலியோடு பேசிக்கின் மணிக்கூலியில் பாதி. அதாவது 7.50-ம் 3.125-ம் சேர்த்து மணிக்கு 10.625. நாளுக்கு 12 மணி நேர டூட்டி என்றால் நான்கு மணி கூடுதல். 26 நாளுக்கு 104 மணி. 1,105 ரியால் வர வேண்டும். கையில் மொத்தம் 2,905.

இதை எப்படிக் குறைப்பார்கள் என்று பாருங்கள். பேசிக்கை மட்டும் வைத்து ஒன்றரை மடங்கு போட்டால் மணிக்கு 9.375, ஓவர்டைம் 975 ஆகிவிடும். ஒன்றரை மடங்கும் இல்லாமல் 'மணிக்கு மணி' என்று வெறும் பேசிக் விகிதம் போட்டால் 650. 'ஃபிக்ஸட், 12 மணி நேர டூட்டி, எல்லாம் சேர்த்து 1,800' என்றால் பூஜ்யம். இந்தக் கடைசி வகைக்கும் சட்டக் கணக்குக்கும் வித்தியாசம் மாதம் 1,105 ரியால். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் 26,520. ரியாலுக்கு 23 ரூபாய் என்று வைத்தால் ஆறு லட்சத்துக்கு மேல். வீட்டுக்கு மேல்தளம் போட ஆகிற பணம் அந்த ஒரு 'எல்லாம் சேர்த்து' என்ற சொல்லில் போய்விடுகிறது. ஆகவே 1,800 தருகிறேன் என்கிறவரைவிட, 1,400 பேசிக்கோடு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் என்று எழுதித் தருகிறவர் மேல்.

டைம்ஷீட்டில்தான் கைவரிசை நடக்கும். காத்திருக்கிற நேரத்தைச் சில இடங்களில் 'ஸ்டேண்ட்பை' என்று வேறு கட்டத்தில் எழுதுவார்கள். அந்தக் கட்டத்துக்குக் காசு கிடையாது. சவுதி சட்டத்தில் ஓவர்டைம் சேர்த்து நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 60 மணி என்று உச்சவரம்பு உண்டு. ஆனால் விட்டுவிட்டு நடக்கிற வேலைகளுக்கு விலக்கும் உண்டு. 'நீ தூங்கிக்கொண்டுதானே இருந்தாய்' என்று சூப்பர்வைசர் சொல்கிறபோது பின்னால் இருக்கிற வாதம் அதுதான். சாவி உங்கள் பையில் இருந்தால், வண்டியை விட்டு நகர முடியாது என்றால், அது ஓய்வில்லை. கேட் நுழைவு நேரம், பெர்மிட் கையெழுத்தான நேரம், கேட் வெளியேறிய நேரம் மூன்றையும் தினமும் சொந்த நோட்டில் எழுதிவையுங்கள். கேட் பதிவேடு எண்ணெய்க் கம்பெனியுடையது. ஒப்பந்தக்காரரால் அதில் கைவைக்க முடியாது. தகராறு வரும்போது உங்கள் நோட்டும் அந்தப் பதிவேடும் ஒத்துப்போனால் போதும்.

நாட்டுக்கு நாடு விகிதம் மாறும். குவைத்தில் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓவர்டைமுக்கு 25 சதவீதம் கூடுதல், வார ஓய்வு நாளில் வேலை என்றால் 50. ஆனால் நாளுக்கு இரண்டு மணி, ஆண்டுக்கு 180 மணி என்று வரம்பு. ஓமானில் 2023-இல் வந்த புதுச் சட்டம் வாரத்தை 40 மணியாக்கிவிட்டது. பகலில் 25, இரவில் 50 சதவீதம் கூடுதல். பணிக்கொடை ஆண்டுக்கு ஒரு மாத பேசிக். காகிதத்தில் பார்த்தால் ஓமான்தான் நல்ல கை.

ஓமானில் காகிதத்துக்கு வெளியேயும் ஒரு நன்மை இருக்கிறது. அந்த நாட்டின் பெரிய எண்ணெய் நிறுவனமான பிடிஓ தன் ஒப்பந்தக்காரர் வண்டிகளுக்கும் அதே சாலை விதிகளை வைத்திருக்கிறது. வண்டிக்குள் வேகத்தையும் சடன் பிரேக்கையும் பதிகிற ஐவிஎம்எஸ் கருவி, டிரைவருக்குத் தனியாக டிஃபென்சிவ் டிரைவிங் பெர்மிட், ஒவ்வொரு பயணத்துக்கும் எழுதிக் கொடுக்கிற பயணத் திட்டம். மஸ்கட்டிலிருந்து தெற்கே உள்ள மர்முல் எண்ணெய் வயல் 800 கிலோமீட்டர் அளவு. எங்கே நிறுத்த வேண்டும், எத்தனை மணிக்கு எங்கிருந்து போன் பண்ண வேண்டும் என்று திட்டத்திலேயே இருக்கும். நம் ஊர்க்காரர்கள் முதல் மாதத்தில் இந்தக் கருவியைக் கரித்துக்கொட்டுவார்கள். பெல்ட் போடாதது, வேகம் கூடினது, பிரேக்கை அமுக்கினது எல்லாம் அலுவலகத்தில் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். புள்ளி கூடினால் பெர்மிட் போகும், பெர்மிட் போனால் வேலை போகும். ஆனால் அதே கருவிதான் வண்டி எத்தனை மணிக்கு ஸ்டார்ட் ஆனது, எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்பதையும் பதிகிறது. டைம்ஷீட் சண்டையில் டிரைவர் பக்கம் பேசுகிற இன்னொரு சாட்சி அது. ஐவிஎம்எஸ் இல்லாத கம்பெனியை சுதந்திரம் என்று நினைத்துச் சேராதீர்கள்.

வெயில் பற்றி எல்லோரும் கேட்பார்கள். கோடையில் நடுப்பகல் வெளிவேலைத் தடை எல்லா நாட்டிலும் உண்டு. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய பகல் 11 முதல் 4 வரை, ஓமானில் அதே மூன்று மாதம் 12.30 முதல் 3.30 வரை, சவுதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை 12 முதல் 3 வரை. நம் ஊர் ஏஜெண்ட் இதைச் சொல்வார். சவுதித் தடையில் எண்ணெய், எரிவாயு நிறுவன வேலைக்கு விலக்கு உண்டு என்பதைச் சொல்ல மாட்டார். கேபின் ஏசி வேலை செய்தால் ஓட்டுகிற நேரம் பெரிய பாடில்லை. செயின் கட்டுகிற அரை மணி நேரம்தான் ஆளைச் சாய்க்கும். நம் ஆட்கள் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு உப்பை விடுகிறார்கள். கெண்டைக்கால் பிடிப்பு வந்த பிறகுதான் உறைக்கும். ஏசி ரிப்பேர் என்று சொன்ன வண்டியை எடுக்காதீர்கள். புறப்படுமுன் பார்க்கிற சோதனைத் தாளில் ஏசியும் ஒரு வரி. அதில் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தால் வண்டியை நிறுத்திவைக்க வேண்டியது மேலாளர் பொறுப்பு.

திறமை விஷயத்தில் நெல்லைக்காரர்களுக்கு ஒரு கை கூடுதல் உண்டு. முப்பந்தல், இராதாபுரம், கயத்தாறுப் பக்கம் காற்றாலை இறக்கை ஏற்றி, தேரிக்காட்டுச் செம்மண் பாதையில் ரிவர்ஸ் எடுத்தவர்களுக்கு ரிக் மூவ் புதிதில்லை. டிரேட் டெஸ்டில் 40 அடி டிரெய்லரை எல் வடிவத்தில் பின்னால் எடுக்கச் சொல்வார்கள், அதில் நம்மவர்கள் தேறிவிடுவார்கள். தோற்கிற இடம் வேறு: வண்டியில் ஏறுமுன் சுற்றிவந்து பார்க்காதது. டயர், காற்றுக் குழாய், டர்ன்டேபிள் பூட்டு, டிரெய்லரை முன்வண்டியோடு கோக்கிற கிங்பின் பொருந்தியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது, மாட்டியதும் முன்னால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பது. இவற்றைச் செய்யாமல் நேரே கியர் போட்டவர் எவ்வளவு நேர்த்தியாக ரிவர்ஸ் எடுத்தாலும் மார்க் கிடையாது. இறங்கும்போது குதிக்கவும் கூடாது. கைப்பிடி இரண்டும் பிடித்து வண்டியைப் பார்த்தபடி இறங்க வேண்டும்.

அங்கே போன பிறகு அடிபடுவது பெரும்பாலும் ஓட்டும்போது இல்லை, கட்டும்போது. செயினை இறுக்குகிற பழைய நெம்புகோல் பைண்டரை விடுவிக்கிற நொடியில் அந்தக் கம்பி திரும்பி வந்து தாடையில் அடிக்கும். ராட்செட் பைண்டர் கேளுங்கள். இல்லையென்றால் கம்பி சுழல்கிற வட்டத்துக்கு வெளியே நின்று, திறந்த கையால் தள்ளுங்கள். விரலை மடக்கிப் பிடிக்காதீர்கள். முதல் 20, 30 கிலோமீட்டரில் நிறுத்தி எல்லாச் செயினையும் மறுபடி இறுக்க வேண்டும். மட் டேங்க் (துளையிடும் சேறு வைக்கிற தொட்டி) மாதிரி லோடு குலுங்கி அமர்ந்ததும் செயின் தளர்ந்துவிடும். கிரேன் தூக்குகிறபோது டிரெய்லர் மேலே நிற்கக் கூடாது, கேபினுக்குள்ளும் உட்காரக் கூடாது.

டேங்கரில் வேறு கதை. இங்கே 20,000 லிட்டர் பெட்ரோல் என்றால் 15 டன் அளவு. அதே தொட்டியளவு உப்புநீர், லிட்டருக்கு 1.2 கிலோ என்றால், 24 டன். ஒன்பது டன் கூடுதல். பெட்ரோல் டேங்கர் பழக்கத்தில் வளைவில் திரும்பினால் வண்டி சாய்ந்துவிடும். வேக்கம் டேங்கரில் அறைத் தடுப்பு இல்லாதவை நிறைய. பாதி நிரம்பிய தொட்டியில் பிரேக் போட்டால் திரவம் முன்னால் வந்து முட்டித் தள்ளும், வண்டி நின்ற பிறகும் ஒரு உதை வரும். ஆகவே நிறைத்து ஓட்டு அல்லது காலியாக ஓட்டு. அரைகுறையாக ஓட்ட வேண்டி வந்தால் வேகத்தைப் பாதியாக்கு. டிஃப் லாக்கை (இரு பக்கச் சக்கரமும் ஒன்றாகச் சுழல வைக்கிற பூட்டு) வண்டி மணலில் மாட்டிக்கொள்வதற்கு முன்னாலேயே போட வேண்டும், மாட்டிக்கொண்ட பிறகு போட்டு மிதித்தால் ஆக்சில் போகும். தார் ரோடு ஏறியதும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். வெள்ளைப் படலம் பூத்த சப்கா நிலம் மேலே அப்பளம்போல் இருக்கும், கீழே சேறு. பழைய டயர் தடத்தை விட்டு விலகக் கூடாது. இரவில் ஒட்டகம் இன்னொரு வினை. கால் உயரமாக இருப்பதால் பம்பரில் இடிபட்டு உடம்பு கண்ணாடிக்குள் வந்து விழும். பல கம்பெனிகள் இரவு ஓட்டத்துக்கே தடை வைத்திருப்பது சும்மா இல்லை.

ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைப் பற்றி ஒரு நாள் வகுப்பு எடுப்பார்கள், அதில் தூங்கிவிடாதீர்கள். அழுகிய முட்டை நாற்றம் என்பது குறைந்த அளவில்தான். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவில் மூக்கு மரத்துவிடும், நாற்றம் 'போய்விட்டது' என்று தோன்றும். இன்னும் ஏறினால் ஆள் சுருண்டு விழுவார். காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். வேக்கம் டேங்கரின் மேல்மூடியைத் திறக்கிறவருக்குத்தான் முதல் ஆபத்து. நெஞ்சில் மாட்டிய கருவி கத்தினால் காற்றின் திசை காட்டுகிற பையைப் பார்த்து, காற்று வருகிற திசைக்குக் குறுக்காக விலகி அப்புறம் எதிர்காற்றில் ஏற வேண்டும். விழுந்தவரைத் தூக்க மாஸ்க் இல்லாமல் ஓடியவர் இரண்டாவது பிணம். மாஸ்க் முகத்தோடு ஒட்ட வேண்டும் என்பதால் தாடி வைக்கக் கூடாது. வேண்டுதலுக்குத் தாடி வளர்க்கிறவர்கள் இதைப் போகுமுன் யோசித்துக்கொள்வது நல்லது.

இனி இங்கே கொடுக்க வேண்டிய காசு. பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கலாம் என்று இந்திய அரசு அனுமதித்த சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 35,400. அதற்கு மேல் கேட்பதெல்லாம் விசா விலை; விசாவுக்கு விலை கிடையாது. சவுதி சட்டப்படி வேலைக்கு எடுக்கிற செலவு, இகாமா என்கிற தங்கும் அனுமதி அட்டை, முடிந்து திரும்புகிற டிக்கெட் எல்லாம் முதலாளி பொறுப்பு. ஏஜெண்டின் லைசென்ஸ் எண்ணை இந்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் தட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். கிராமத்துக்கு வந்து பாஸ்போர்ட் வாங்கிப்போகிற சப்ஏஜெண்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கு ஈசிஆர் பாஸ்போர்ட். அவர்கள் குடியேற்ற அனுமதி வாங்கித்தான் போக முடியும். அதை அலைச்சலாக நினைக்கிறார்கள். உண்மையில் அது அவர்களுக்குக் கவசம், ஏனென்றால் ஒப்பந்தம் இமைக்ரேட்டில் ஏறிவிடுகிறது. அதைத் தவிர்க்கத்தான் 'விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று சொல்வார்கள். கூடவே எடுக்கிற பிரவாசி பாரதீய பீமா காப்பீடு இரண்டு ஆண்டுக்கு 275, மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம். வாரிசு பெயரை ஆதாரில் உள்ளபடி எழுதுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. அதன் அறிவிப்பையும் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு பொறி, ஹவுஸ் டிரைவர் விசா. சவுதியில் வீட்டு டிரைவர்கள் பொதுத் தொழிலாளர் சட்டத்துக்கு வெளியே. 2021 மார்ச்சில் வந்த வேலை மாறும் சலுகையும் அவர்களுக்கு இல்லை. அந்த விசாவில் போய் டிரெய்லர் ஓட்டினால் ஓவர்டைம் கேட்க முடியாது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிடும். இறந்தவர் குடும்பத்துக்குக் கொடுக்கிற ரத்தப் பணம் தனி மனிதன் தலையில் வந்தால் திரும்பி வருவது எந்தக் காலம் என்று சொல்ல முடியாது. விசாவில் உள்ள தொழில், லைசென்ஸில் உள்ள வகை, ஓட்டுகிற வண்டி மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் லைசென்ஸை வைத்தே அங்கே தொடர்ந்து ஓட்ட முடியாது, அங்கே டெஸ்ட் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை தவறுவது சகஜம். அதுவரை முகாமில் உட்கார்ந்திருக்கிற நாளுக்குச் சம்பளம் உண்டா, டெஸ்ட் கட்டணம் யாருடையது என்பதை இங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். அதுவும் நிற்கிற நேரம்தானே.

பிடித்தம் பற்றிச் சுருக்கமாக. டயர் வெடித்தது, கண்ணாடி உடைந்தது என்று சம்பளத்தில் கைவைப்பார்கள். சவுதியில் சேதத்துக்காக மாதம் ஐந்து நாள் சம்பளத்துக்கு மேல் பிடிக்க முடியாது. ரேடாரில் வேகம் பிடிபட்டு வருகிற அபராதம் மட்டும் டிரைவருடையதுதான், அதில் வழக்கு இல்லை.

எங்கள் தீர்ப்பு: எண்ணெய் நிறுவனத்தின் நேரடி ஒப்பந்தக்காரரிடம், ஐவிஎம்எஸ் உள்ள வண்டியில், எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் எழுத்தில் இருந்தால் ஓமான் முதலில், சவுதி அடுத்து. குவைத் பரவாயில்லை, ஓவர்டைம் வரம்பால் கையில் வருகிற தொகை எதிர்பார்த்ததைவிடக் குறையும். ஒப்பந்தக்காரரிடம் துணை ஒப்பந்தம் எடுத்தவர், அவரிடம் வண்டி வாடகைக்கு விட்டவர் என்று மூன்றாம் கையில் கிடைக்கிற தண்ணீர் டேங்கர் வேலைக்கு விமானம் ஏறுவதைவிடத் தூத்துக்குடி டெர்மினல் வரிசையில் நிற்பது மேல். ராத்திரி வீட்டுச் சோறு. 45 வயதுக்கு மேல், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவச் சோதனையில் மறைத்துப் போகாதீர்கள். கிணற்றடியிலிருந்து ஆஸ்பத்திரி பல நூறு கிலோமீட்டர்.

கடைசியாகத் திரும்பி வருகிற நாள். சவுதியில் பணிக்கொடை முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம். ஒப்பந்தம் முடிந்து வந்தால் முழுதும். ராஜினாமா என்றால் இரண்டு ஆண்டுக்குள் ஒன்றுமில்லை, இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் மூன்றில் ஒரு பங்கு. 1,800 ரியால் சம்பளத்தில் நான்கு ஆண்டு முடித்தவருக்கு 3,600. ராஜினாமா என்று எழுதிக் கொடுத்தால் 1,200. விமானத்துக்கு முந்தின நாள், அவசரத்தில், அரபியில் அடித்த தாளை நீட்டுவார்கள். அதில் 'இஸ்திகாலா' என்ற சொல் இருந்தால் அது ராஜினாமா. படத்தை எடுத்து, மொழி தெரிந்த ஒருவருக்கு அனுப்பி, பதில் வந்த பிறகு பேனாவை எடுங்கள்.